தெரிந்தே ஏன் போலி ஆய்விதழ்களில் கட்டுரை போடுகிறார்கள்?

பொங்கோல்_மலர்:

கல்வித்துறையில் பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். தொடக்கப்பள்ளி மாணவர்களின் தமிழ் வாசிப்புதான் தலைப்பு. ஒரு மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்பியதிலிருந்து ஆய்விதழ்களின் அழைப்பு மின்னஞ்சல்கள் விடாமல் வருகின்றன. கடைசியாக வந்ததில் 72 மணி நேரத்தில் மதிப்பீடு, ஏழே நாளில் வெளியீடு, கட்டணம் 299 அமெரிக்க வெள்ளி என்று இருக்கிறது. கீழே 'ஸ்கோப்பஸ் இண்டெக்ஸ்ட்', 'இம்பாக்ட் ஃபேக்டர் 7.834' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

துறை வல்லுநர்கள் படித்து மதிப்பிடாமலேயே காசுக்கு எதையும் வெளியிடும் இதழ்களைப் பிரிடேட்டரி ஜர்னல் என்று சொல்கிறார்களே, அந்த வகைதான் இது என்று சந்தேகப்படுகிறேன். ஆனால் அந்தத் தளத்தில் பழைய இதழ்களைப் புரட்டினால் இணைப் பேராசிரியர்கள், துறைத் தலைவர்கள், மருத்துவர்கள் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு படித்தவர்கள் அத்தனை பேரும் ஏமாந்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை.

விவரம் தெரிந்தவர்களே ஏன் இங்கே கட்டுரை கொடுக்கிறார்கள்? ஓர் இதழ் நல்லதா போலியா என்று நானே எப்படி உறுதிசெய்வது? இணையத்தில் உலவும் 'போலி இதழ்ப் பட்டியல்'களை நம்பலாமா?


நூலக_மேசை:

சரிபார்ப்பதிலிருந்து தொடங்குகிறேன். ஏன் கொடுக்கிறார்கள் என்பதும் அதிலேயே கொஞ்சம் புரிந்துவிடும்.

மின்னஞ்சலில் உள்ள இணைப்பைச் சொடுக்காதீர்கள். அதில் இருக்கும் ஐஎஸ்எஸ்என் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு ஐஎஸ்எஸ்என் போர்ட்டலுக்கு நீங்களே போய்த் தேடுங்கள். அந்த எண் எந்தத் தலைப்புக்கு, எந்தப் பதிப்பகத்துக்கு, எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறது என்று வரும். லண்டன் முகவரி போட்ட இதழ் வேறொரு நாட்டில் வேறொரு பெயரில் பதிவாகியிருந்தால் அதோடு விட்டுவிடலாம். ஒத்துப்போனாலும் அது தரச்சான்று இல்லை. ஐஎஸ்எஸ்என் வெறும் அடையாள எண். சிங்கப்பூரில் தேசிய நூலக வாரியம் அதை வழங்குகிறது. விண்ணப்பித்தால் கிடைக்கும், உள்ளடக்கத்தை யாரும் மதிப்பிடுவதில்லை.

அடுத்தது ஸ்கோப்பஸ், அதாவது ஆய்விதழ்களையும் அவற்றில் வரும் கட்டுரைகளையும் தொகுக்கும் தரவுத்தளம். அதன் 'சோர்சஸ்' பக்கத்தைச் சந்தா இல்லாமலேயே பார்க்கலாம். பெயரை வைத்துத் தேடாதீர்கள், ஐஎஸ்எஸ்என் வைத்துத் தேடுங்கள். 'இண்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் அட்வான்ஸ்ட்' என்று தொடங்கும் பெயர்கள் ஒன்றோடொன்று குழம்பும்படியே வைக்கப்படுகின்றன. கிடைத்தால் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை சேர்க்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 2019இல் நிறுத்தப்பட்ட இதழ், தன் தளத்தில் இன்னும் 'ஸ்கோப்பஸ் இண்டெக்ஸ்ட்' என்று போட்டுக்கொண்டிருக்கும். ஒரு காலத்தில் அது உண்மையாக இருந்ததால் பலர் அங்கேதான் தடுமாறுகிறார்கள்.

இம்பாக்ட் ஃபேக்டர் என்பது ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதைக் காட்டும் எண். கிளாரிவேட் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் ஜர்னல் சைட்டேஷன் ரிப்போர்ட்ஸில் வருவது அது. 2023 வெளியீட்டிலிருந்து அதைத் தசமப் புள்ளிக்குப் பிறகு ஒரே ஓர் இலக்கத்தோடுதான் தருகிறார்கள். உங்களுக்கு வந்திருப்பது 7.834. தற்போதைய எண் என்று சொல்லி மூன்று இலக்கம் போட்டிருந்தால் அது கிளாரிவேட்டிலிருந்து வந்ததில்லை. 'குளோபல் இம்பாக்ட் ஃபேக்டர்' போல உண்மையானது மாதிரியே ஒலிக்கும் பெயர்களில் எண் கொடுப்பதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன.

இதையெல்லாம் தாண்டியும் சந்தேகம் இருந்தால் அந்த இதழில் வந்த மூன்று கட்டுரைகளின் பிடிஎஃப்பை இறக்கிப் பாருங்கள். முதல் பக்கத்தின் அடியிலோ சுருக்கத்துக்குக் கீழேயோ தேதிகள் இருக்கும். பெறப்பட்டது மார்ச் 3, திருத்தப்பட்டது மார்ச் 5, ஏற்கப்பட்டது மார்ச் 6 என்று இருந்தால், இடையில் யாரும் படிக்கவில்லை என்று அர்த்தம். ஒழுங்கான இதழில் மதிப்பிட ஒத்துக்கொள்ளும் இரண்டு பேரைத் தேடிப் பிடிக்கவே வாரக்கணக்கில் ஆகும். பிறகு அதே இதழில் கல்வி, கோழி வளர்ப்பு, கான்கிரீட் வலிமை மூன்றும் அடுத்தடுத்து வருகின்றனவா என்று உள்ளடக்கப் பக்கத்தில் பாருங்கள். ஏதாவது ஒரு கட்டுரையின் டிஓஐ எண்ணை, அதாவது அந்தக் கட்டுரைக்கே உரிய நிரந்தர இணைய அடையாளத்தை, டிஓஐ தளத்தில் இட்டு, அது உண்மையிலேயே அந்தக் கட்டுரைக்குப் போகிறதா என்றும் சோதியுங்கள். எண் மாதிரி தெரியும், போட்டால் எங்கேயும் போகாது. அப்படியும் இருக்கின்றன.

ஆசிரியர் குழுவில் நல்ல பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் பெயர்கள் இருப்பதை மட்டும் வைத்து நம்ப வேண்டாம். அவர்களுக்கே தெரியாமல் போட்டிருக்கலாம். போலந்து ஆய்வாளர்கள் சிலர் 2017இல் நேச்சர் இதழில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். இல்லாத ஒரு பெண் விஞ்ஞானியை உருவாக்கி, தகுதியே இல்லாத விவரக்குறிப்போடு 360 இதழ்களுக்கு 'என்னை ஆசிரியராக்குங்கள்' என்று விண்ணப்பித்தார்கள். 48 இதழ்கள் சேர்த்துக்கொண்டன. சந்தேகம் வந்தால் குழுவில் ஒருவரின் பல்கலைக்கழகப் பக்கத்துக்குப் போய், அவர் அந்த இதழைத் தன் பொறுப்புகளில் குறிப்பிட்டிருக்கிறாரா என்று பாருங்கள்.

உங்கள் முதல் கேள்விக்கு என் கணிப்பு இது. ஏமாந்தவர்களும் உண்டு, முழுக்கத் தெரிந்தே போடுபவர்களும் உண்டு. அதிகம் பேர் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார்கள். சந்தேகம் வரும், ஆனால் சரிபார்க்க மாட்டார்கள். மேலே சொன்ன வேலைக்கு அரை மணி நேரம் போதும். சரிபார்த்தால் அனுப்ப முடியாமல் போய்விடும். கெடு நெருங்கிக்கொண்டிருக்கும்போது அந்த அரை மணி நேரத்தைச் செலவழிக்க மனம் வருவதில்லை.


ஜூரோங்_வாசன்:

நூலக மேசை சொன்ன 'கெடு' யார் வைத்தது என்பதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. நம்மில் பலர் சிங்கப்பூரில் இருந்துகொண்டு தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பதிவு செய்து ஆய்வு செய்பவர்கள் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2010இல் கொண்டுவந்த விதிமுறைப்படி ஆசிரியர்களின் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் ஏபிஐ என்ற மதிப்பெண் முறை வந்தது. கட்டுரைக்கு இத்தனை புள்ளி, இம்பாக்ட் ஃபேக்டர் இருந்தால் மேலும் புள்ளி. எழுதியதை யாராவது படித்தார்களா, அதில் புதிதாக ஏதாவது இருந்ததா என்று பார்க்கும் இடமே அந்தப் படிவத்தில் இல்லை. வகுப்பு, தேர்வுத்தாள், அலுவலக வேலை என்று நாள் முழுவதும் ஓடும் கல்லூரி ஆசிரியருக்கு ஆய்வுக்கூடமும் கிடையாது, நல்ல இதழ்களின் சந்தாவும் கிடையாது. ஆனால் கட்டுரை மட்டும் வேண்டும். அந்த இடைவெளியில்தான் கடை போட்டார்கள். ஐஎஸ்எஸ்என் கேட்டால் ஐஎஸ்எஸ்என், இம்பாக்ட் ஃபேக்டர் கேட்டால் அதற்கும் ஓர் எண். படிவத்தில் என்னென்ன கட்டங்கள் இருந்தனவோ அத்தனைக்கும் பொருத்தமாகச் சரக்கு வந்தது.

ஆய்வு மாணவர்களுக்கும் இதே கதிதான். 2016 விதிமுறை, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன்பு ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும், இரண்டு கருத்தரங்குகளில் வாசித்திருக்க வேண்டும் என்றது. நல்ல இதழ் ஒன்று பதில் சொல்ல ஓராண்டு எடுத்துக்கொண்டால் மாணவர் என்ன செய்வார்? 2022 விதிமுறையில் அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டார்கள். ஆனாலும் பல்கலைக்கழகங்கள் தங்கள் அளவில் நிபந்தனை வைத்துக்கொள்ள முடியும். ஆகவே உங்கள் பல்கலைக்கழகத்தின் தற்போதைய விதியை எழுத்தில் வாங்கிப் படியுங்கள். 'இரண்டு கட்டுரை வேண்டுமாம்' என்று சீனியர்கள் வாய்வழியாகச் சொல்வது பெரும்பாலும் பழைய விதி. இல்லாத கட்டாயத்துக்குப் பயந்து பணம் கட்டுபவர்கள் உண்டு.

ஷென், பியோர்க் என்ற இரு ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இத்தகைய இதழ்களில் 2010இல் சுமார் 53,000 கட்டுரைகள் வந்தன, 2014இல் அது சுமார் 4,20,000 ஆனது. சராசரிக் கட்டணம் 178 அமெரிக்க வெள்ளி. எழுதியவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவைச் சேர்ந்தவர்கள். அந்த நான்கு ஆண்டுகளும் மேலே சொன்ன புள்ளி முறை நடைமுறையில் இருந்த ஆண்டுகள் என்பதைச் சேர்த்துப் பாருங்கள்.

பட்டியல் போட்டுத் தடுக்கவும் முயன்றார்கள். மானியக் குழு 2017இல் அங்கீகரித்த முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இதழ்களின் பட்டியலில் போலிகளும் புகுந்துவிட்டன. 2018 மே மாதம் 4,305 இதழ்களை நீக்கினார்கள். பிறகு 2019இல் கேர் என்ற புதிய பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டு, நிறுவனங்களே தரத்தை மதிப்பிட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இப்போதும் 'யுஜிசி கேர் லிஸ்டட்' என்று விளம்பரம் செய்யும் இதழ், இல்லாத பட்டியலைக் காட்டிப் பணம் கேட்கிறது.

தமிழாய்வில் இது இன்னொரு உருவத்தில் நடக்கிறது. பன்னாட்டுக் கருத்தரங்கம் என்று அறிவிப்பு வரும். கட்டணம் கட்டினால் கட்டுரை ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண்ணோடு ஆய்வுக்கோவை என்ற தொகுப்பு நூலில் அச்சாகும். சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ ஒருவர் வந்தால் போதும், 'பன்னாட்டு' ஆகிவிடும். நம் ஊர்க்காரர்களை அவ்வளவு மரியாதையாக அழைப்பதற்குப் பல நேரங்களில் இதுதான் காரணம். கோவையைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கட்டுரையும் நான்கு பக்கம். முதல் பக்கம் முன்னுரை, கடைசிப் பக்கம் 'முடிவுரை', 'துணைநூற்பட்டியல்'. இடையில் உள்ள இரண்டு பக்கத்தில் பாட்டும் பொழிப்பும். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்த இடமோ, ஆதாரம் போதாது என்று திருப்பி அனுப்பித் திருத்தி வாங்கிய தடமோ எங்கேயும் இருக்காது. நன்றாக எழுதக்கூடியவர்களின் கட்டுரைகளும் அந்தக் குவியலுக்குள் போய் யார் கண்ணிலும் படாமல் கிடக்கின்றன. எனக்கு வருத்தம் தருவது அதுதான். ஒழுங்காக நடக்கும் கருத்தரங்குகள் இல்லாமலில்லை. முழுக் கட்டுரையை முன்கூட்டியே வாங்கி, இருவரிடம் கொடுத்து, கருத்துரையை எழுதியவருக்கு அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். சுருக்கம் அனுப்பிய மறுநாளே வங்கிக் கணக்கு எண் வந்தால் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.


டாக்டர்_நிலா:

வாசன் அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு, இது இந்தியாவின் பிரச்சினை மட்டும்தான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். டேவிட் மோஹர் குழுவினர் 2017இல் நேச்சரில் எழுதினார்கள். இத்தகைய இதழ்களில் வந்த 1,907 உயிரியல், மருத்துவக் கட்டுரைகளைப் பிரித்துப் பார்த்ததில், பாதிக்கு மேல் வசதியான, நடுத்தரத்துக்கு மேற்பட்ட வருமானமுள்ள நாடுகளிலிருந்து வந்தவை. இந்தியாவுக்கு அடுத்த இடத்தில் அமெரிக்கா இருந்தது.

மருத்துவத்தில் கேஸ் ரிப்போர்ட் என்ற வகைதான் பெரிய வாசல். சிறப்புப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் இளம் மருத்துவரின் விவரக்குறிப்பில் ஒன்றிரண்டு வெளியீடுகள் இருந்தால் நல்லது. இரவுப்பணி முடிந்து எழுதக்கூடியது, வார்டில் பார்த்த அரிய நோயாளி ஒருவரைப் பற்றிய ஒரு கேஸ் ரிப்போர்ட்தான். ஆனால் அப்படிப்பட்ட கட்டுரைகளை மற்றவர்கள் அதிகம் மேற்கோள் காட்டுவதில்லை. மேற்கோள் குறைந்தால் இதழின் இம்பாக்ட் ஃபேக்டர் இறங்கும். அதனால் பல நல்ல இதழ்கள் அவற்றை வாங்குவதையே நிறுத்திவிட்டன. இடம் சுருங்கியது, எழுதுபவர்கள் குறையவில்லை. மூன்று இடத்தில் திருப்பி அனுப்பப்பட்ட மறுவாரமே 'தங்கள் மதிப்புமிக்க அனுபவத்தைப் பகிருங்கள்' என்று மின்னஞ்சல் வந்தால் கை தானாகப் போகும். பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ் போன்ற இடங்களில் அனுப்புபவருக்கோ நிறுவனத்துக்கோ ஆண்டு உறுப்பினர் கட்டணம் உண்டு. உங்கள் மருத்துவமனை ஏற்கெனவே கட்டியிருக்கிறதா என்று மருத்துவ நூலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

'பப்மெட் இண்டெக்ஸ்ட்' என்ற வாசகத்திலும் கவனம் வேண்டும். பப்மெட் என்பது மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளம். பொதுநிதியில் நடந்த ஆய்வின் கையெழுத்துப்படியை ஆய்வாளர் பப்மெட் சென்ட்ரல் என்ற முழுக் கட்டுரைக் களஞ்சியத்தில் சேர்த்தால், இதழ் எதுவாக இருந்தாலும் அந்த ஒரு கட்டுரை பப்மெட்டில் தெரியும். அதை வைத்து முழு இதழும் பப்மெட்டில் இருப்பதாகச் சொல்லிவிடுவார்கள். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் என்எல்எம் கேட்டலாக்கில் இதழின் பெயரைத் தேடி, மெட்லைன் என்ற, தேர்ந்தெடுத்த இதழ்களின் தரவுத்தளத்தில் தற்போது சேர்க்கப்படுகிறது என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

மோஹர் குழுவின் கணக்கில் அந்த 1,907 கட்டுரைகளுக்குள் இருபது லட்சத்துக்கும் அதிகமான மனிதர்களின் தரவும் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட விலங்குகளும் அடங்கியிருந்தன. ரத்தம் கொடுத்தவர்கள், மருந்தைச் சோதித்துப் பார்க்கச் சம்மதித்தவர்கள். அடுத்த நோயாளிக்கு உதவும் என்று நம்பித்தான் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். யாரும் கண்டுபிடிக்க முடியாத, நாளை காணாமல் போகக்கூடிய ஒரு தளத்தில் அதைக் கொண்டுபோய்ப் போடுவது அவர்களுக்குச் செய்யும் துரோகம். இதை நான் கடுமையாகவே சொல்வேன்.


கிளமெண்டி_ஆதி:

பட்டியல் பற்றிய கேள்விக்கு என் பதில். அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழக டென்வர் வளாக நூலகர் ஜெஃப்ரி பீல் தொகுத்த பட்டியல்தான் பிரபலமானது. 2017 ஜனவரியில் அவர் அதை எடுத்துவிட்டார். இன்று கிடைப்பவை அதன் பழைய நகல்கள், அல்லது வேறு யாரோ தொடர்ந்து சேர்த்துவருபவை. யார் சேர்க்கிறார்கள், எந்த அளவுகோலில் சேர்க்கிறார்கள் என்று பல இடங்களில் தெரியாது. அதில் பெயர் இருந்தால் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் இல்லை என்பதால் இதழ் நல்லது என்று முடிவுகட்டாதீர்கள். தினம் ஒரு புதுப் பெயரில் தளம் திறப்பவர்களைப் பட்டியலால் துரத்திப் பிடிக்க முடியாது.

எதிர்ப்பக்கமும் பார்க்க வேண்டும். கட்டணம் வாங்கினாலே போலி, இந்தியாவிலிருந்தோ ஆப்பிரிக்காவிலிருந்தோ வந்தாலே போலி, தளம் அழகாக இல்லை என்றால் போலி என்று ஒதுக்குவது அநியாயம். சிறிய துறைகளில் இரண்டு மூன்று பேர் சம்பளமில்லாமல் நடத்தும் நல்ல இதழ்கள் உண்டு. அவர்களுடைய ஆங்கிலத்தில் பிழை இருக்கலாம், மதிப்பீட்டில் பிழை இருக்காது. யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ்களுக்கு டிஓஏஜே என்ற அடைவு இருக்கிறது. 2014இல் விதிகளை இறுக்கி எல்லா இதழ்களையும் மறுபடி விண்ணப்பிக்கச் சொன்னார்கள். 2016இல் ஏறக்குறைய 3,300 இதழ்கள் வெளியேற்றப்பட்டன. அதற்கு முந்திய காலத்தில் ஜான் போஹன்னன் சயின்ஸ் இதழுக்காக ஒரு சோதனை நடத்தினார். வேண்டுமென்றே ஓட்டை வைத்து எழுதிய ஒரு புற்றுநோய்க் கட்டுரையை 304 இதழ்களுக்கு அனுப்பினார். அப்போது டிஓஏஜேவில் இருந்த பலவும் ஏமாந்தன. மொத்தத்தில் 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன, 98 நிராகரித்தன.

பெரிய பெயருக்குள்ளும் ஓட்டை விழும். ஹிந்தாவி என்ற பதிப்பகத்தை 2021இல் பெரிய பதிப்பகமான வைலி வாங்கியது. அதன் சிறப்பிதழ்களில் விருந்தினர் ஆசிரியர் என்ற பெயரில், காசுக்குப் போலிக் கட்டுரை தயாரித்து விற்கும் கட்டுரைத் தொழிற்சாலைக்காரர்கள் புகுந்தார்கள். 2023இல் மட்டும் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஆகவே யாராவது உங்களைச் 'சிறப்பிதழுக்கு' அழைத்தால், இதழ் நல்லதா என்பதோடு நிற்காதீர்கள். அந்தச் சிறப்பிதழின் ஆசிரியர் அந்தத் துறையில் ஆய்வு செய்திருக்கிறாரா என்றும் பாருங்கள்.

சிங்கப்பூர் நிலவரம் பற்றி. இங்கே பல்கலைக்கழகங்களில் நிரந்தரப் பணி முடிவாகும்போது வெளிநாட்டு வல்லுநர்களிடம் கடிதம் கேட்பார்கள். போலி இதழில் இருபது கட்டுரை இருந்தால் அது எதிராகத்தான் வேலை செய்யும். அதனால் பேராசிரியர் மட்டத்தில் இது குறைவு என்பது என் கருத்து. சிக்குபவர்கள் பகுதிநேர மாணவர்கள், ஒப்பந்த ஆய்வு உதவியாளர்கள், முதல் கட்டுரையை வழிகாட்டியின் கண்ணில் படாமல் அனுப்புபவர்கள். இன்னொரு வழி கூட்டுக் கட்டுரை. வெளிநாட்டுக் கூட்டாளி உங்கள் பெயரையும் போட்டு எங்கேயோ அனுப்பிவிடுவார். உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயர் அதில் இருப்பது அவருக்கு ஆதாயம். தரவைப் பகிரும் முன்பே எந்த இதழ், யார் அனுப்புவது, கட்டணம் யார் கட்டுவது என்று மின்னஞ்சலில் ஒப்புக்கொள்ளுங்கள்.


பொங்கோல்_மலர்:

எல்லாருக்கும் நன்றி. ஐஎஸ்எஸ்என் போர்ட்டலில் தேடினேன். அந்த எண் இந்தோனேசியாவில் பதிவான ஒரு வேளாண் இதழுக்கு உரியதாக வருகிறது. அதனால் நான் அனுப்பப்போவதில்லை.

ஆனால் இன்னொரு சிக்கல். என் சக மாணவி ஒருவர் அதே தளத்துக்குக் கட்டுரை அனுப்பிவிட்டார். இரண்டே நாளில் 'ஏற்கப்பட்டது' என்று கடிதமும் 299 வெள்ளிக்கு விலைச்சீட்டும் வந்திருக்கின்றன. பணம் இன்னும் கட்டவில்லை, காப்புரிமைப் படிவத்திலும் கையெழுத்திடவில்லை. திரும்பப் பெற வேண்டும் என்று எழுதியதற்கு 150 வெள்ளி 'வித்ட்ராயல் ஃபீ' கேட்கிறார்கள். கட்டினால் விட்டுவிடுவார்களா?


நூலக_மேசை:

கட்ட வேண்டாம். கட்டினால் பணம் தருபவர் என்று தெரிந்துகொண்டு அடுத்த விலைச்சீட்டு வரும். கையெழுத்திடாத நிலையில் காப்புரிமை முழுக்க அவருடையதுதான். அது பெரிய பலம்.

இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். கட்டுரைத் தலைப்பு, அவர்கள் கொடுத்த எண், அனுப்பிய தேதி மூன்றையும் குறிப்பிட வேண்டும். 'இந்தக் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். காப்புரிமையை நான் மாற்றித் தரவில்லை, வெளியிட அனுமதியும் தரவில்லை. வெளியிடக் கூடாது' என்று நேராக எழுதினால் போதும். மன்னிப்போ விளக்கமோ வேண்டாம், அவற்றைப் பிடித்துக்கொண்டு பேரம் பேசுவார்கள். கூட்டு ஆசிரியர்கள் எல்லாரையும் நகலில் சேர்க்கட்டும். ஏற்புக் கடிதம், விலைச்சீட்டு, 150 வெள்ளி கேட்ட கடிதம், தளத்தில் கட்டண விவரம் உள்ள பக்கம் எல்லாவற்றையும் தேதியோடு பிடிஎஃப்பாகச் சேமிக்க வேண்டும். தளத்தின் பக்கங்கள் சொல்லாமல் மாறும். 'மதிப்பீட்டு அறிக்கை' ஏதாவது வந்திருந்தால் அதையும் சேமிக்கட்டும். 'நல்ல கட்டுரை, இலக்கணத்தைச் சரிபார்க்கவும், மேற்கோள் கூட்டவும்' என்று இரண்டு வரி மட்டும் இருந்தால் அதுவே பிறகு சான்றாகும்.

அதே நாளில் வழிகாட்டியிடம் சொல்ல வேண்டும். மறைப்பதில்தான் ஆபத்து. இந்த இதழ்கள் சில நேரம் பணம் வராமலேயே கட்டுரையைப் போட்டுவிடும், போட்டுவிட்டு மிரட்டும். அப்படி ஆன பிறகு அதே கட்டுரையை நல்ல இதழுக்கு எதுவும் சொல்லாமல் அனுப்பினால், ஒற்றுமை சோதிக்கும் மென்பொருள் காட்டிக்கொடுக்கும், இரட்டை வெளியீடு என்ற குற்றச்சாட்டு வரும். முன்கூட்டியே சொல்லிவிட்டால் பெரும்பாலும் வழி உண்டு. அடுத்த இதழுக்கு அனுப்பும் முகப்புக் கடிதத்தில் நடந்ததை நான்கு வரியில் எழுதி, திரும்பப் பெறும் மின்னஞ்சலை இணைத்து, இந்த நிலையில் பரிசீலிப்பீர்களா என்று ஆசிரியரிடம் கேட்க வேண்டும். முடிவு அவர் கையில்தான். பல்கலைக்கழகத்தின் ஆய்வு நேர்மை அலுவலகத்திலும் தகவல் பதிவாகியிருப்பது மாணவிக்குப் பாதுகாப்பு.

இதைப் படிக்கும் வேறு யாராவது கடன் அட்டையில் ஏற்கெனவே கட்டியிருந்தால், உடனே வங்கியை அழைத்து, விளம்பரம் செய்த சேவை தரப்படவில்லை என்று அந்தப் பரிவர்த்தனையை மறுத்து முறையிடுங்கள். அதற்குக் கால வரம்பு உண்டு, தள்ளிப்போட வேண்டாம். வங்கிப் பரிமாற்றமாக அனுப்பியிருந்தால் மீட்பது கடினம்.

வழக்குப் போட்டுவிடுவோம் என்று கடிதம் வந்தால் பயப்பட வேண்டாம், பல்கலைக்கழகத்திடம் காட்டுங்கள். இத்தகைய வழக்குகளில் பெரியது எதிர்த்திசையில்தான் போனது. ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஓமிக்ஸ் என்ற பதிப்பகத்தின் மீது அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2016இல் வழக்குத் தொடுத்தது. கட்டணத்தை மறைத்தது, மதிப்பீடு பற்றியும் ஆசிரியர் குழு பற்றியும் பொய் சொன்னது, திரும்பப் பெற விடாமல் தடுத்தது ஆகியவை குற்றச்சாட்டுகள். 2019 மார்ச்சில் நீதிமன்றம் 5 கோடி அமெரிக்க வெள்ளிக்கும் மேல் கட்டச் சொன்னது.

மலர், நீங்கள் சொன்ன வேளாண் இதழின் எண் விஷயம் இன்னும் கவனிக்கத்தக்கது. உண்மையான இதழ் ஒன்றின் பெயரையும் எண்ணையும் திருடி நகல் தளம் நடத்துவது தனித் தொழில். காலாவதியான இணைய முகவரியை வாங்கிவிடுவார்கள், அல்லது அச்சில் மட்டும் வரும் இதழுக்குத் தாங்களே ஒரு தளம் கட்டிவிடுவார்கள். ஸ்கோப்பஸில் சில இதழ்களின் முகப்புப் பக்க இணைப்பே நகல் தளத்துக்குப் போன நிலை வந்து, 2023 இறுதியில் அந்த இணைப்புகளையே எடுத்துவிட்டார்கள். ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைக் கண்காணிக்கும் தளம் 2022 முதல் இப்படிக் கடத்தப்பட்ட இதழ்களின் அட்டவணை ஒன்றை இலவசமாக வைத்திருக்கிறது. அதில் பாருங்கள்.


ஜூரோங்_வாசன்:

மலர், எங்கே அனுப்புவது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. உங்கள் ஆய்வேட்டின் இலக்கிய மீளாய்வு இயலைத் திறந்து, எந்த இதழ்களை அதிகம் மேற்கோள் காட்டியிருக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். முதலில் வரும் நான்கைந்து இதழ்கள்தான் உங்கள் கட்டுரையைப் படிக்கப்போகிறவர்கள் இருக்கும் இடம். இருமொழிக் கல்வி, வாசிப்புத் துறைகளில் சந்தாவில் நடக்கும் இதழ்கள் பெரும்பாலும் எழுதுபவரிடம் கட்டணமே வாங்குவதில்லை. இது பலருக்குத் தெரியாமல், வெளியீடு என்றாலே பணம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஏற்கப்பட்ட கையெழுத்துப்படியை இதழின் விதிப்படி பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் போட்டால் எல்லாரும் இலவசமாகப் படிக்கலாம். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு டிஆர்-என்டியு, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துக்கு ஸ்காலர்பேங்க். திறந்த அணுக்கம்தான் வேண்டுமென்றால், உங்கள் நூலகம் எந்தப் பதிப்பகங்களோடு கட்டண ஒப்பந்தம் வைத்திருக்கிறது என்று கேளுங்கள். கட்டுரைக் கட்டணம் முழுவதும் அதில் அடங்கிவிட வாய்ப்புண்டு.

முதல் இதழ் நிராகரித்தால் மதிப்பீட்டாளர் குறிப்புகளைத் தூக்கிப் போடாமல் திருத்திவிட்டு இரண்டாவதுக்கு அனுப்புங்கள். ஆய்வேடு சமர்ப்பிக்கும் தேதிக்கு ஒன்றரை ஆண்டு முன்பே தொடங்கினால் இரண்டு நிராகரிப்புக்கும் நேரம் இருக்கும். வழிகாட்டியோடு உட்கார்ந்து அந்தத் தேதியை இப்போதே காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.


பொங்கோல்_மலர்:

சக மாணவி மின்னஞ்சலை அனுப்பிவிட்டார், வழிகாட்டியும் நகலில் இருக்கிறார். என் மீளாய்வு இயலை எண்ணிப் பார்த்தேன். முதல் நான்கு இதழ்களில் மூன்று சந்தா இதழ்கள், எழுதுபவருக்குக் கட்டணம் இல்லை. நான்காவதுக்கு நூலக ஒப்பந்தம் உண்டா என்று கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.